சார்ஜில் போட்ட போன்

ஜனவரி 1, புதன்

மாட்டுத் தீவனக் கம்பெனிக்காரர் சொசைட்டிக்கு ஆறு டைரி கொண்டுவந்தார். செக்ரட்டரி நல்லசிவம் ஐந்தைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு மிச்சம் ஒன்றை என்னிடம் நீட்டினார். "இந்தா சென்னியப்பா, பன்னெண்டாவது பெயிலானவன் டைரி எழுதுனாத்தான் நாடு முன்னேறும்" என்றார். நான் பெயிலானது கணக்கில் மட்டும். தமிழில் இருநூறுக்கு நூற்று முப்பத்தாறு. அதையெல்லாம் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

ஆகவே எழுதுகிறேன். வயது நாற்பத்தொன்பது. கோபிச்செட்டிபாளையத்துக்கு அந்தப் பக்கம், எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் டெஸ்டர். காலை ஐந்தரையிலிருந்து எட்டு, சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறரை. யார் எத்தனை சொம்பு தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று மெஷின் சொல்வதற்கு முன்னால் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். மனைவி துளசிமணி. மகள் மௌனிகா, கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கி பி.காம். படிக்கிறாள். பெயரில்தான் மௌனம்.

வீட்டுக்கு ஒரே பெரிய போன், அது என்னுடையது. துளசியிடம் இருப்பது பட்டன் போன். போன வருஷம் ஒரு ஆள் மெஷின் ரீடிங்கைப் படம் பிடித்து ஊர் குரூப்பில் போட்டு ரகளையாகிவிட்டது. அன்றிலிருந்து டெஸ்டிங் மேஜைக்குப் போன் கொண்டுவரக் கூடாது என்பது நல்லசிவத்தின் உத்தரவு. அதனால் கிளம்பும்போது சமையலறைச் சுவரில் சார்ஜில் மாட்டிவிட்டுப் போவேன். மற்ற நேரமெல்லாம் அதில் மாடு, கபடி, புருசன் பொண்டாட்டி காமெடி என்று வீடியோவிலேயே பொழுது ஓடும்.

இந்தத் தாளின் அடியில் அச்சடித்திருக்கிறது: "கன்று ஈன்ற மாட்டுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் கொடுக்கவும்." எல்லாத் தாளிலும் மாட்டுக்கு ஒரு யோசனை. மனுசனுக்கு ஒன்றும் காணோம்.

ஜனவரி 12, ஞாயிறு

பொங்கல் லீவுக்கு மௌனிகா நேற்று வந்தாள். வந்ததிலிருந்து தூக்கம்.

போனுக்கு வயசாகிவிட்டது. காலையில் இரண்டரை மணி நேரம் சார்ஜில் கிடந்தும் அறுபதுக்கு மேல் ஏறவில்லை. துளசியிடம் சொன்னேன். "அதும் உங்களாட்டத்தானுங்க. எத்தன போட்டாலும் ஒடம்புல ஒட்டறதில்ல" என்றாள்.

ஜனவரி 17, வெள்ளி

சாப்பிட உட்கார்ந்தபோது துளசி கேட்டாள். "ஏனுங்க, கோபில பொம்பள டாக்டரு நல்லவங்க ஆராச்சும் இருக்காங்களா?"

"ஆருக்கு?"

"பொன்னாத்தாக்கா கேட்டாங்க."

பொன்னாத்தாக்கா இரண்டு தெரு தள்ளி, சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். "அறுவது வயசுல பொன்னாத்தாக்காளுக்கு என்ன, ரண்டாவது பிரசவமா?" என்றேன். துளசி சிரித்தாள். குழம்பு ஊற்றினாள். ரசத்துக்கு உப்புப் போட மறந்திருந்தாள்.

ஜனவரி 19, ஞாயிறு

மானம் போன நாள். டீக்கடையில் நல்லசிவத்துக்கு ஒரு ஜெர்சி மாட்டைக் காட்டலாம் என்று போனைத் திறந்தால் வெள்ளைக்கோட்டுப் போட்ட ஒரு டாக்டரம்மா. கீழே பெரிய எழுத்தில், "மார்பில் வலியில்லாத கட்டியா? தள்ளிப்போடாதீர்கள்." அதற்குக் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே இன்னொன்று. நல்லசிவம் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பார்த்தார்.

"என்னப்பா சென்னியப்பா, எந்நேரமும் இந்த வேலதானா?"

"அண்ணா, சத்தியமா நான் பாக்கலீங்கண்ணா. தானா வருது."

"தானா எப்பிடி வரும்? நீ என்ன பாக்கறயோ அதத்தான் அது காட்டும். என்ற பையன் சொல்லியிருக்கான்." கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து மௌனிகாவிடம் புலம்பினேன். துளசி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, ஓரத்துல மூணு புள்ளி இருக்குதல்ல, அதத் தொட்டு ஆர்வமில்லைன்னு அமுக்குங்க. அந்த மாதிரி அப்பறம் வராது. சேனலையே காட்டாதேன்னும் சொல்லலாம்" என்று சொல்லிக் கொடுத்தாள். கெட்டுப்போன பாலைத் திருப்பி அனுப்புகிற மாதிரிதான், சுலபம். ஒவ்வொன்றாக அமுக்கினேன். மொத்தம் பதினொன்று. அந்த டாக்டரம்மாவுக்கு மட்டும் இரண்டு தடவை, சேனலோடு.

"இந்த வயசுல எனக்குப் பொம்பளைங்க சீக்கெல்லாம் காட்டுது பாரு துளசி. போனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு. கருமம்" என்றேன்.

துளசி சிரித்தாள். வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மௌனிகா சாயங்கால பஸ்ஸில் கோயமுத்தூர் கிளம்பினாள்.

ஜனவரி 20, திங்கள்

போன் சுத்தமாகிவிட்டது. மாடு, கபடி, காமெடி. காலையில் திரும்பி வந்ததும் துளசி கேட்டாள்: "ஏனுங்க, இதுல நேத்து வந்ததெல்லாம் இன்னைக்கு வராதுங்களா?"

"போன் என்ன பால்காரனா, தெனமும் அதே வூட்டுக்கு வர்றதுக்கு?" என்றேன். நல்ல பதில். நல்லசிவத்திடமும் சொல்லிக் காட்டினேன்.

பிப்ரவரி 6, வியாழன்

பொன்னாத்தாக்கா கொண்டுவந்த பாலில் திரிதிரியாக மிதந்தது. நாக்கில் வைத்தால் உப்பு. மடிநோய். எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"ஒரு நாலஞ்சு நாளா மடியில ஒரு காம்புப்பக்கம் கட்டியாட்ட இருந்துச்சு தம்பி. மஞ்சப் பத்துப் போட்டேன். செரியாயிரும்னு பாத்தேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனக்கா, வாயில்லாச் சீவன் சொல்லாது. நாமதான தொட்டுப் பாக்கோணும்? கட்டின்னு தெரிஞ்ச அன்னைக்கே டாக்டரக் கூப்பிட வேண்டாமா? நாளைக்கு அந்தக் காம்பே போச்சுன்னா?" வரிசையில் நின்றவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. உடனே கால்நடை டாக்டருக்குப் போன் செய்யச் சொல்லி அக்காளை அனுப்பினேன்.

துளசியிடம் முழுசும் நடித்துக் காட்டினேன். "அப்பறம் அந்த மாடு என்னாச்சுங்க?" என்று மட்டும் கேட்டாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

போனில் புதிதாக ஒருத்தர் வருகிறார். பச்சைத் துண்டு போட்ட வைத்தியர். மரத்தடியில் உட்கார்ந்து நம் பக்கத்துப் பேச்சில் பேசுகிறார். "ஆஸ்பத்திரி போனா அம்பது டெஸ்ட்டு, நம்ம வேலியில இருக்குது மருந்து" என்கிறார். கருஞ்சீரகம், முள்சீத்தா இலை, எந்தக் கட்டியும் நாற்பத்தெட்டு நாளில் பனி மாதிரி கரையும் என்கிறார். கரைகிறதோ இல்லையோ, ஆள் நன்றாகச் சிரிக்க வைக்கிறார். நான் கட்டைவிரலைத் தூக்கி, மணியையும் அமுக்கிவிட்டேன். இனிமேல் புதுசு போட்டால் நமக்கு முதலில் வரும்.

துளசி பக்கத்தில் நின்று பார்த்தாள். "நெசமாத்தான் சொல்றாருங்களா?"

"மூஞ்சியப் பாத்தா பொய் சொல்றவனாட்டத் தெரியில" என்றேன். முகம் பார்ப்பதில் நமக்கு இருபது வருஷ அனுபவம்.

மார்ச் 4, செவ்வாய்

வீட்டில் மூன்று நாளாகக் கஷாயம். கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு. எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள். "வூட்டுல எல்லாருக்கும் நல்லதுங்க." இரண்டு நாள் குடித்தேன். மூன்றாம் நாள் செம்பருத்திச் செடிக்கு ஊற்றினேன். செடி நன்றாக இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தோம். துளசி, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க. சிரிக்கக் கூடாது" என்றாள்.

"சிரிக்கக் கூடாதுன்னு சொன்னாலே சிரிப்பு வருதே" என்று சிரித்துவிட்டேன். என் சுபாவம் அப்படி. என் அப்பா செத்த அன்றைக்கே ஒரு தடவை சிரித்தவன்.

அவளும் சிரித்தாள். "ஒண்ணுமில்லீங்க. அரிசி தீந்துருச்சு."

அரிசி வாங்கிவந்தேன். பானையில் இன்னும் பாதி இருந்தது. வயசாகிறது, அவளுக்கும் மறதி.

ஏப்ரல் 22, செவ்வாய்

கூரியர் பையன் ஒரு பெட்டி கொடுத்துவிட்டுப் போனான். பச்சைத் துண்டு வைத்தியர் அனுப்பிய பொடி. துளசி என் போனிலேயே பேசி வரவழைத்திருக்கிறாள். கை வலிக்கு என்றாள். உண்மைதான், வலது கையைத் தூக்கி கொடியில் துணி போடக் கஷ்டப்படுகிறாள். நல்லதாகப் போயிற்று, உனக்கும் இந்தக் காலத்து விவகாரமெல்லாம் தெரிகிறதே என்றேன்.

நானும் ஒரு சிட்டிகை தின்று பார்த்தேன். அதற்கப்புறம் நாள் முழுக்க நான் எங்கே இருந்தேன் என்பதை டைரியில் எழுத முடியாது. துளசிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரொம்ப நாளைக்கு அப்புறம் அப்படிச் சிரித்தாள்.

மே 30, வெள்ளி

போன் இப்போதெல்லாம் ஐம்பதுகூட ஏறுவதில்லை. கடையில் காட்டினேன். "பேட்டரி நல்லாத்தானுங்கண்ணா இருக்குது" என்கிறான். அவனுக்கு என்ன தெரியும்.

ஜூலை 13, ஞாயிறு

மழை இல்லை. பால் குறைந்துவிட்டது. துளசி எந்நேரமும் தோளில் துண்டு போட்டுக்கொள்கிறாள். அந்த வைத்தியரைப் பார்த்துப் பழகிவிட்டாய் போலிருக்கிறதே என்று கேலி செய்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பவானி ஆற்றங்கரையில் கூட்டம். எல்லாப் பெண்களும் ஆற்றில் இறங்கினார்கள். துளசி கரையிலேயே நின்று தலையில் தெளித்துக்கொண்டாள். பொன்னாத்தாக்கா அவளைப் பார்த்துவிட்டு, "ஏம்புள்ள துளசி, இப்பிடி எளச்சுப் போயிட்டயே?" என்றார்.

"டயட்டுக்கா. சினிமாவுல நடிக்கப் போறா" என்றேன் நான்.

பொன்னாத்தாக்காவிடம், அந்தப் பொம்பளை டாக்டர் கிடைத்தாரா என்று கேட்டேன். "எந்தப் பொம்பள டாக்டரு?" என்றார். பாவம், அவருக்கும் மறதி.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. விடியற்காலையில் மௌனிகா அவள் அம்மாவுக்கு எண்ணெய் தேய்த்துவிடப் போனாள். வேண்டாம் வேண்டாம் என்று துளசி சொல்வது கேட்டது. "வருசத்துல ஒரு நாளுதானம்மா" என்று மௌனிகா விடவில்லை.

அப்புறம் மௌனிகா வெளியே வந்தாள். கையெல்லாம் எண்ணெய். என்னைப் பார்த்து, "அப்பா" என்று மட்டும் சொன்னாள்.

பலகாரம் அப்படியே இருக்கிறது.

அக்டோபர் 22, புதன்

கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் சின்னப்பெண், மௌனிகாவைவிட ஏழெட்டு வயசுதான் கூட இருக்கும். துளசியைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"எத்தனை நாளா இருக்குன்னு சொல்றாங்க தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"பொங்கலுக்கு முன்னாடியிருந்து. பட்டாணி அளவுல இருந்துச்சாம். ஒரே வீட்டுலதானே இருக்கீங்க?"

ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஒரே கட்டில். ஆமாம் என்று சொன்னேன். எனக்கு ஏதாவது வேடிக்கையாகச் சொல்லத் தோன்றும் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

அக்டோபர் 29, புதன்

எல்லாச் சோதனையும் வந்துவிட்டது. எலும்புக்குப் போய்விட்டது. ஈரலுக்கும் போய்விட்டது. "அப்பவே வந்திருந்தா…" என்று ஆரம்பித்த டாக்டர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஆபரேஷனுக்கு இனி வேலை இல்லையாம். ஊசி போட்டுப் பார்க்கலாம், ஆனால் ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம் என்றார்.

துளசி வார்டில் பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குக் கருஞ்சீரகம் எப்படி வறுப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

"என்னங்க சொன்னாங்க?"

"செரியாயிரும்னாங்க."

"உங்களுக்குப் பொய் சொல்ல வராதுங்க" என்றாள்.

நவம்பர் 2, ஞாயிறு

ஊசி போட்டபின் நேற்று வீட்டுக்கு அழைத்துவந்தோம். துளசி தூங்குகிறாள். ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் போனில் ஏற்றுவதற்காக மௌனிகா போனை வாங்கினாள். சித்த நேரம் எதையோ பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னிடம் கொடுத்தாள்.

போனில் யார் எதைத் தேடினாலும் அது பட்டியலாக இருக்குமாம், தேதியோடு, மணியோடு. எனக்குத் தெரியாது. துளசி ஆறாவது வரைதான் படித்தவள். எழுதத் தடுமாறுவாள். அதனால் மைக்கைத் தொட்டு வாயால் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அவள் சொன்னதை அப்படியே எழுத்தில் வைத்திருக்கிறது. எல்லாம் காலை ஐந்தரைக்கும் எட்டுக்கும் நடுவில், அல்லது சாயங்காலம் நாலரைக்கும் ஆறரைக்கும் நடுவில். சிலதை இங்கே எழுதுகிறேன். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஜனவரி 11, காலை 6.10. மார்ல பட்டாணி மாதிரி கட்டி வலி இல்ல

ஜனவரி 11, காலை 6.14. கட்டி தானா கரையுமா

ஜனவரி 16, மாலை 5.02. கோபில பொம்பள டாக்டர்

ஜனவரி 18, காலை 5.50. மார்ல கட்டி டாக்டரம்மா சொல்றது

ஜனவரி 20, காலை 5.48. நேத்து வந்த வெள்ளக்கோட்டு டாக்டரம்மா எங்க

ஜனவரி 20, காலை 5.53. அந்த டாக்டரம்மா போன் நம்பர் சொன்னாங்களே

ஜனவரி 21, காலை 6.01. டாக்டரம்மா காணோம்

பிப்ரவரி 7, காலை 5.45. மாட்டுக்கு வர்ற மடிநோய் மனுசங்களுக்கு வருமா

பிப்ரவரி 24, காலை 5.40. முள்சீத்தா எல எத்தன நாளு குடிக்கோணும்

மே 9, மாலை 4.50. ஆஸ்பத்திரி கத்தி பட்டா பரவும்னு சொல்றது நெசமா

ஜூலை 12, காலை 6.30. கட்டி பெருசானா கரையப் போவுதுன்னு அர்த்தமா

அக்டோபர் 12, மாலை 5.15. புருசங்கிட்ட எப்படி சொல்றது

கடைசி வரிக்குப் போன் என்ன காட்டியது என்று மௌனிகா அதைத் திரும்பவும் தட்டிப் பார்த்தாள். புருசன் பொண்டாட்டி காமெடி. வரிசையாக. நான் பார்த்துப் பார்த்துச் சிரித்ததெல்லாம்.

டைரியைப் பின்னால் புரட்டி ஜனவரி 19க்குப் போனேன். பதினொன்று என்று எழுதியிருக்கிறது. என் கையெழுத்துத்தான்.

நவம்பர் 3, திங்கள்

மௌனிகா காலையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அந்த மூணு புள்ளி… நாந்தானப்பா சொல்லிக் குடுத்தேன்."

"நீ சொல்லித்தான் குடுத்த கண்ணு. அமுக்குனது நான்."

"அம்மாகிட்டச் சொல்லாதீங்கப்பா."

"சொல்லமாட்டேன்."

அவ்வளவுதான் பேசினோம். பால் டெஸ்டிங்குக்குப் போய்விட்டு வந்தேன். ஒருத்தர் பாலில் தண்ணீர். யார் என்று பார்க்கவில்லை. மெஷின் சொன்னதை எழுதிக் கொடுத்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் சொல்கிற வார்த்தை ஒவ்வொன்றையும் வந்து போனில் தேடுகிறேன். இவ்வளவு நாள் திறக்காத கதவெல்லாம் இப்போது திறக்கிறது. எங்கெங்கோ இருக்கிற டாக்டர்கள் எல்லாம் நம் வீட்டுக்கு வந்து தமிழில் பேசுகிறார்கள். எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் கடைசியில் சொல்கிறார்கள். சீக்கிரம் வாருங்கள்.

பச்சைத் துண்டு வைத்தியருக்கு எழுதினேன். உங்கள் பொடி தின்றவள் என் மனைவி என்று. சித்த நேரத்தில் பதில் வந்தது. ஒரு கும்பிடு படம். அதன் கீழே, மழைக்காலச் சலுகையாம், இரண்டு டப்பா வாங்கினால் ஒன்று இலவசம்.

நவம்பர் 19, புதன்

இரண்டாவது ஊசி தாங்கவில்லை. சின்ன டாக்டர் எங்களைத் தனியாக உட்கார வைத்து, "வீட்டுல வச்சுப் பாத்துக்குங்க. வலிக்கு மட்டும் தர்றேன்" என்றார். எத்தனை நாள் என்று மௌனிகா கேட்டாள். டாக்டர் நாள் சொல்லவில்லை. மௌனிகாவிடம், "நீங்களும் அப்பப்போ பரிசோதனை பண்ணிக்கணும்மா. இது சில குடும்பத்துல வரும்" என்றார்.

வரும் வழியில் காரில் துளசி என் தோளில் சாய்ந்துகொண்டாள். கனமே இல்லை. இருபத்துமூன்று வருஷத்தில் அவளை இத்தனை லேசாக நான் உணர்ந்ததில்லை.

நவம்பர் 28, வெள்ளி

சாதம் இறங்கவில்லை. பால் மட்டும். சொசைட்டியிலேயே நல்ல பாலாகப் பார்த்து எடுத்துவருகிறேன். பொன்னாத்தாக்காவின் மாட்டுப் பால்தான். அது பிழைத்துவிட்டது. ஒரு காம்பு மட்டும் போயிற்று.

டிசம்பர் 7, ஞாயிறு

மத்தியானம். துளசியின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அவள் கண்ணை மூடியிருந்தாள். திடீரென்று மேலே வந்து நின்றது. வெள்ளைக்கோட்டு. அதே டாக்டரம்மா. "மார்பில் வலியில்லாத கட்டியா? தள்ளிப்போடாதீர்கள்." இந்தச் சேனலைக் காட்டாதே என்று நான் சொல்லியிருந்தேன். வேறு யாரோ அதே வீடியோவை எடுத்து வேறு பெயரில் போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. தானாகவே பேச ஆரம்பித்துவிட்டது. நிறுத்துவதற்குள் துளசி கண்ணைத் திறந்தாள்.

"நிறுத்தாதீங்க."

போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"இந்தம்மாதானுங்க. இவங்களத்தான் தேடிட்டிருந்தேன். ஒரு நா வந்தாங்க. அப்பறம் வரவேயில்ல." மூச்சு வாங்கியது. "எங்க போயிருந்தாங்களாம் இத்தன நாளா?"

வாய் பழக்கத்தில் தானாக வந்துவிட்டது. "பிரசவ லீவுல போயிருந்தாங்களாட்ட இருக்குது."

அவள் என் முகத்தைச் சித்த நேரம் பார்த்தாள். தண்ணீர் கலந்த பாலை மேஜையில் வைத்துவிட்டு நிற்கிறவன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேனோ, அப்படி. எனக்குத் தலை தானாகக் குனிந்தது.

பிறகு சிரித்தாள். சத்தமில்லை, உதடு மட்டும். "நீங்க இருக்கறீங்களே" என்றாள்.

கடைசி வரைக்கும் கேட்டோம். ஆறு நிமிஷம்தான். கட்டி எல்லாமே பயப்படுகிற கட்டி இல்லை, ஆனால் எந்தக் கட்டியையும் காட்டாமல் இருக்கக் கூடாது, பெண் டாக்டரிடம்தான் காட்ட வேண்டும் என்றால் அதைச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். முடிவில் ஒரு நம்பர் சொன்னார்.

"நல்லாத்தான் சொல்லியிருக்காங்க. பாவம்" என்றாள் துளசி. யாரைப் பாவம் என்றாள் என்று கேட்கவில்லை. "அந்த நம்பர எழுதி வைங்க. நம்ம மௌனிக்கு ஆகும்."

எழுதிவிட்டேன். இந்தத் தாளின் மேல் ஓரத்தில் இருக்கிறது. மௌனிகாவின் போனிலும் ஏற்றச் சொன்னேன்.

டிசம்பர் 11, வியாழன்

காலை பத்தே கால். நானும் மௌனிகாவும் பக்கத்தில் இருந்தோம்.

டிசம்பர் 29, திங்கள்

காரியமெல்லாம் முடிந்தது. மௌனிகா நேற்று கோயமுத்தூர் போனாள். போகமாட்டேன் என்றாள். பரீட்சை இருக்கிறது, போய் எழுது, கணக்கில் பெயிலானால் என் பெயர் கெடும் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். சிரிக்கவில்லை. பஸ் ஏறினாள்.

இன்றைக்கு மறுபடியும் சொசைட்டிக்குப் போனேன். நல்லசிவம் என்னைப் பார்த்ததும், "போன வேணும்னா மேஜையிலயே வச்சுக்க சென்னியப்பா, ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றார். வைத்துக்கொள்ள என்னிடம் போன் இல்லை. ஐந்தரைக்குக் கிளம்பும்போது வழக்கம்போல சமையலறைச் சுவரில் சார்ஜில் மாட்டிவிட்டு வந்திருக்கிறேன். மாட்டியது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். போனை எடுத்துப் பார்த்தேன். நூறு காட்டியது. பேட்டரியில் ஒன்றும் பழுதில்லை.